ஐ.பி. (கடனைக் கட்ட முடியாதவர் கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு) போட உள்ளூர் வக்கீல் வேண்டும் (பள்ளிபாளையம் பக்கம்)

தறிக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். பள்ளிபாளையத்தில் 12 தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது 4 தறிதான் ஓடுகிறது, அதுவும் கூலிக்கு. மொத்தக் கடன் 31 லட்சம். வங்கியில் தறிமேல் வாங்கியது 14 லட்சம். நூல் கடை பாக்கி 6 லட்சம், அதற்குச் செக் கொடுத்திருக்கிறேன். மீதி 11 லட்சம் ஏழு பேரிடம் புரோநோட்டில் வாங்கியது.

அந்த ஏழு பேரில் ஒருவர் கேஸ் போட்டு டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு) வாங்கி, இப்போது என்னைக் கைது செய்யச் சொல்லி இ.பி.யும் (அந்தத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டுவிட்டார். போன வாரம் கோர்ட்டு அமீனா நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து "யாருங்க, எங்கிருந்து வர்றீங்க, உள்ள வாங்க" என்றார். அதற்கப்புறம் நான் சரியாகத் தூங்கவில்லை.

ஐ.பி. போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். டீக்கடையில் பழக்கமான ஒருவர், ஈரோட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார், 60 ஆயிரம் கொடுத்தால் மூன்று மாதத்தில் எல்லாக் கடனும் போய்விடும், நாலு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். நம்பலாமா? இந்த மாதிரி கேஸ் தெரிந்த வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? பாலத்தைத் தாண்டினால் ஈரோடு, அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா?

கொங்குநாட்டான்
அண்ணா, மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் நம் பக்கம் பொண்ணு எடுக்க, கொடுக்க எல்லாவற்றிலும் பேசுவார்கள். பெரியவர்கள் நாலு பேரை வைத்து உட்கார்ந்து பேசிப் பாருங்கள். தவணை கேளுங்கள்.

தறிக்காரன்
பேசிவிட்டேன் தம்பி. இரண்டு தடவை உட்கார்ந்தோம். ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள், இரண்டு பேர் முடியவே முடியாது என்றார்கள். அதில் ஒருவர்தான் இந்த இ.பி. போட்டவர்.

பழைய குமாஸ்தா
தம்பி, நான் 27 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், இப்போது ஓய்வு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஈரோடு விஷயம். நீங்கள் குடியிருப்பதும் தொழில் செய்வதும் பள்ளிபாளையத்தில். அது நாமக்கல் மாவட்டம். கடனாளி எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே தொழில் செய்கிறாரோ, அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் ஐ.பி. தாக்கல் செய்ய வேண்டும். காவிரிக்கு அந்தப் பக்கம் போட்டால் நம்பரே ஆகாமல், அதாவது கோர்ட்டில் பதிவே ஆகாமல், திரும்பி வரும், அல்லது நம்பராகி இரண்டு வருடம் கழித்து எதிராளி வக்கீல் எழுந்து 'எல்லை இல்லை' என்பார். ஈரோட்டு வக்கீல் நாமக்கல் மாவட்டக் கோர்ட்டுக்கு வந்து நடத்தலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.பி.க்கு வாய்தா நிறைய.

இரண்டாவது, வக்கீலைத் தேடுவது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அதனால் போனில், நோட்டீஸில் 'கடன் தீர்ப்போம்' என்று வருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல் இல்லை, புரோக்கர். உங்கள் டீக்கடை ஆளும் அதே ரகமாகத்தான் படுகிறது. நான் சொல்லும் வழி இது: செல்போனில் இ-கோர்ட்ஸ் தளத்தைத் திறங்கள். மாநிலம், மாவட்டம், உங்கள் சார்பு நீதிமன்றம் என்று தேர்ந்தெடுத்தால் வழக்கு வகைப் பட்டியல் வரும். அதில் ஐ.பி. என்று இருப்பதைப் போட்டு, ஒவ்வொரு வருடமாக, முடிந்த வழக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு வழக்கிலும் மனுதாரர் பெயருக்குக் கீழே வக்கீல் பெயர் இருக்கும். ஐந்தாறு வருடம் புரட்டினால் திரும்பத் திரும்ப இரண்டு மூன்று பெயர்தான் வரும். அவர்கள்தான் உங்கள் கோர்ட்டில் ஐ.பி. தெரிந்தவர்கள். எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள். 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று வரிசையாக இருந்தால், அவர் தாக்கல் செய்வார், அப்புறம் கோர்ட்டுக்கு வரமாட்டார் என்று அர்த்தம்.

இது போக, கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிறவர், ஜெராக்ஸ் கடைக்காரர், வயதான குமாஸ்தா யாரிடமாவது 'ஐ.பி. யார் நன்றாகப் பார்ப்பார்' என்று கேளுங்கள். இ-கோர்ட்ஸில் பார்த்த பெயரையே அவர்களும் சொன்னால் தைரியமாகப் போகலாம்.

செல்வி கரூர்
குமாஸ்தா ஐயா சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணா. எங்கள் அப்பா 2009-ல் ஐ.பி. போட்டார். வக்கீல் பெயர் வேண்டாம். தாக்கல் செய்து, நோட்டீஸ் போய், 2011-ல் 'இவர் நொடித்தவர்' என்று ஆர்டரும் வந்தது. அப்பா லட்டு வாங்கி வந்து கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம், வக்கீலும் அப்படித்தான் சொன்னார்.

முடியவில்லை. அந்த ஆர்டரிலேயே இத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜ், அதாவது கடனிலிருந்து விடுவிப்பு, கேட்டு மனு போட வேண்டும் என்று கெடு எழுதியிருந்தது. அதை யாரும் எங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. கெடு போய், கோர்ட் அந்த ஆர்டரையே ரத்து செய்துவிட்டது. ஒரு நாள் காலையில் பழைய கடன்காரர் வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரியும். திரும்ப ஐ.பி. போடலாமா என்று கேட்டால், இப்படி ரத்தானவர் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் மறுபடி போட முடியாதாம். அந்த அனுமதி வாங்க இன்னொரு வக்கீல், இன்னொரு மூன்று வருடம். அப்பா அதைப் பார்க்க இல்லை.

அதனால் வக்கீலைப் பார்க்கும்போது 'எத்தனை ஐ.பி. போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். 'எத்தனை பேருக்கு டிஸ்சார்ஜ் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

மலர் திருப்பூர்
நான் மறுபக்கம் இருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கணவர் விபத்தில் போனபோது வந்த பணத்தில் 3 லட்சத்தைத் தெரிந்தவர் ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து கோர்ட்டிலிருந்து நோட்டீஸ். பிரித்துப் பார்த்தால் 23 பேர் பெயர் வரிசையாக இருக்கிறது, நான் 17-வது. அவர் போனை எடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கூட என் மனது இவ்வளவு வலித்திருக்காது. அவர் வீடு தம்பி பெயருக்கு மாறியிருந்ததை வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோர்ட்டில் ஆட்சேபணை செய்து இன்னும் நடக்கிறது.

தறிக்காரரே, உங்களிடம் பணம் கொடுத்த ஏழு பேரில் என்னைப் போல யாராவது இருந்தால், நோட்டீஸ் போவதற்கு முன்னால் நேரில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தறிக்காரன்
அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதல் பதிவில் சொல்லாத இரண்டு விஷயங்களை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வீடு. எட்டு மாதத்துக்கு முன்னால் அதே டீக்கடை ஆள் பேச்சைக் கேட்டு வீட்டை என் மனைவி பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டேன். ஐ.பி. போட்டால் வீடு தப்பிக்கும் என்றார்.

இரண்டு, 4 லட்சம் ரூபாய் புரோநோட் ஒன்றில் என் மச்சானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் ஐ.பி. போட்டால் அவர் கையெழுத்தும் போய்விடும்தானே? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வழக்கறிஞர், திண்டுக்கல்
உங்கள் கேஸை நான் எடுக்க முடியாது, ஊரும் வேறு. இங்கே என் பெயரைச் சொல்வதும் முறை இல்லை. ஆனால் இந்த இரண்டு விஷயத்தையும் எந்த வக்கீலிடமும் மறைக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பொருந்துவது 1920-ம் வருட மாகாண நொடிப்புச் சட்டம். 2016-ல் புதுத் திவால் சட்டம் வந்ததே என்று யாராவது சொல்வார்கள். அதில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்குப் பழைய சட்டமேதான். 500 ரூபாய்க் கடனைக் கட்ட முடியாதவர் கூட மனுப் போடலாம் என்று இன்னும் அதில் இருக்கிறது. புதுச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தில் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வக்கீல் உங்களிடம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீடு: மனு போடும் தேதிக்கு முந்தின 2 வருடத்துக்குள் பணம் வாங்காமல் இப்படி எழுதிக் கொடுத்ததை, ரிசீவர் (உங்கள் சொத்தைப் பொறுப்பெடுக்கக் கோர்ட் நியமிப்பவர்) கேட்டால் கோர்ட் ரத்து செய்யலாம். வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது, பத்து நிமிடத்தில் எதிராளி கையில் இருக்கும். வீடு போவது ஒரு பக்கம். சொத்தை மறைத்ததாகத் தீர்மானமானால் டிஸ்சார்ஜும் சிக்கலாகும், ஒரு வருடம் வரை தண்டனைக்கும் பிரிவு இருக்கிறது. ஆகவே உங்களுக்கு இந்த யோசனை சொன்னவர் உங்களைக் குழிக்குள் தள்ளியிருக்கிறார்.

மச்சான்: இல்லை, அவர் தப்ப மாட்டார். உங்களுக்கு டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் கூடக் கையெழுத்துப் போட்டவர், ஜாமீன் நின்றவர் யாரும் விடுபடுவதில்லை. நீங்கள் விலகிய அன்றைக்கே மொத்தச் சுமையும் அவர் தலையில் இறங்கும்.

வங்கி: தறி அவர்களுக்கு ஈடாக இருக்கிறது. ஈடு வைத்திருப்பவர் தன் ஈட்டை விற்று எடுத்துக்கொள்வதை ஐ.பி. தடுக்காது. ஈட்டுக்கு மேல் பாக்கி நின்றால் அந்த மீதிக்குத்தான் மற்றவர்களோடு வரிசையில் நிற்பார்கள்.

நூல் கடைச் செக்: பணமில்லாமல் செக் திரும்பினால் அது 138 பிரிவின் கீழ் வரும் குற்ற வழக்கு. ஐ.பி. அதை நிறுத்தாது. சமரசமாக முடித்துக்கொள்ள சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் கவனம். மனுவுக்கு முந்தின 3 மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தில் பணத்தைக் கொடுத்தால், அந்தப் பணத்தையும் ரிசீவர் திரும்பக் கேட்கலாம். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று வரிசை போடுவதற்குத்தான் உங்களுக்கு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும். மனுவை டைப் அடிக்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள்.

இ.பி. பற்றி ஒன்று. கட்ட வசதியே இல்லாதவரைக் கடனுக்காக மட்டும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. வசதி இருந்தும் கட்டவில்லை என்பதை எதிராளி காட்ட வேண்டும். கைதாகிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனாலும், ஒரு மாதத்துக்குள் ஐ.பி. போடுகிறேன் என்று ஜாமீன் கொடுத்தால் விடுவிக்க வழி இருக்கிறது. அதனால் பயத்தில் ஓடி யாரிடமோ வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் இ.பி. வாய்தாவைத் தவற விடவே கூடாது. அங்கே போய் நின்று உங்கள் நிலையைச் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூர்வாசி
இடையில் ஒரு சந்தேகம். நான் சென்னை. எனக்கும் இதே சட்டமா?

பழைய குமாஸ்தா
இல்லை சார். சென்னை நகர எல்லைக்கு 1909-ம் வருடச் சட்டம். மனு ஹைகோர்ட்டிலேயே தாக்கலாகும், ரிசீவருக்குப் பதில் அஃபிஷியல் அசைனி என்று ஓர் அதிகாரி சொத்தைப் பொறுப்பெடுப்பார். அதனால் நீங்கள் ஹைகோர்ட்டில் அந்தப் பிரிவில் பழக்கமுள்ள வக்கீலாகப் பாருங்கள்.

செல்வி கரூர்
அண்ணா, பணம் இல்லை என்று வக்கீல் பார்க்கத் தயங்காதீர்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே வக்கீல் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஆனால் அங்கேயும் 'ஐ.பி. பார்த்த வக்கீல் வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அன்றைக்கு யார் முறையோ அவரைப் போட்டுவிடுவார்கள்.

வங்கி ஆள் ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது.

தறிக்காரன்
பதினொரு நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் உட்கார்ந்து இ-கோர்ட்ஸில் தேடினாள். எங்கள் கோர்ட்டில் ஏழு வருடத்து ஐ.பி.க்களைப் புரட்டியதில் ஒரு பெயர் ஐந்து தடவை வந்தது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கேட்டேன். அந்தக் கடைக்காரரும் அதே பெயரைச் சொல்லி, "மாடிதான், ஏறிப் போங்க" என்றார். ஐம்பது வயதிருக்கும், ஒரு அம்மா. முதலில் டிஸ்சார்ஜ் கேள்வியைக் கேட்டேன். கோபப்படவில்லை. "நாலு வாங்கியிருக்கேன், ஒண்ணு தோத்திருக்கேன், ஒண்ணு நடக்குது" என்று சொல்லி, தோற்றது ஏன் என்றும் சொன்னார். அந்தக் கட்சிக்காரர் ஒரு சீட்டுப் பணத்தை மறைத்துவிட்டாராம்.

மஞ்சப்பையில் கொண்டுபோன காகிதத்தையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். நீள நோட்டில் கடன்காரர் பெயர், அப்பா பெயர், விலாசம், எந்தத் தேதி, எவ்வளவு, என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கட்டம் போட்டு எழுதினார். ஒன்பது வரி ஆனது. எழுதி முடித்து மூடியைப் போட்டுவிட்டு, "இதுல இல்லாதது யாரு?" என்றார். யாரும் இல்லைங்க என்றேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை, சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது, என் சொந்த அக்கா தன் மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த 40 ஆயிரம். அக்காவிடம் வாங்கியதைக் கடனென்றே நான் நினைத்ததில்லை. பத்தாவது வரியாக அதையும் எழுதினார்.

வீட்டை நானே சொல்லிவிட்டேன். "மனுவுல நாமளே இதை எழுதிடுவோம். ரிசீவர் கண்டுபிடிச்சு எழுதினா அது வேற மாதிரி இருக்கும்" என்றார். என் மனைவி திருப்பி எழுதிக் கொடுக்கவும் சம்மதித்துவிட்டாள். வீடு நிற்குமா என்று கேட்டேன். நிற்காது என்று வைத்துக்கொண்டே முடிவு பண்ணுங்கள் என்று நேராகச் சொன்னார். இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

நிற்காது என்றால் ஐ.பி.யே எதற்கு என்று நானும் அவரும் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டோம். வங்கி ஒத்துக்கொண்டால் ஓடாத 8 தறியையும் நாமே வெளியில் விற்று அங்கே கட்டுவது, வீட்டை நாமே நல்ல விலைக்கு விற்று எல்லோருக்கும் விகிதப்படி கொடுத்துப் பார்ப்பது, ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அப்போது ஐ.பி. என்று ஒரு வழி. இப்போதே ஐ.பி. என்பது இன்னொரு வழி. இரண்டையும் தாளில் எழுதிக் கொடுத்து, வீட்டில் எல்லோரும் படித்துவிட்டு வாருங்கள் என்றார். ஃபீஸ் 35 ஆயிரம், மூன்று தவணை: தாக்கலுக்கு ஒன்று, நொடிப்பு ஆர்டருக்கு ஒன்று, கடைசித் தவணை டிஸ்சார்ஜ் மனு நம்பரான பிறகு. லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோர்ட் கட்டணம், பேட்டா எல்லாம் தனி, ரசீதோடு.

வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். மச்சானிடம் நான் சொல்லிவிட்டு வர வேண்டும்.

மலர் திருப்பூர்
அந்த ஏழு பேரிடமும் சொன்னீர்களா?

தறிக்காரன்
நாலு பேரைப் பார்த்துவிட்டேன் அக்கா. ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். ஒரு பாட்டி, எங்கள் தெருதான், 80 ஆயிரம் கொடுத்தவர், காபி கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. மீதி மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

மச்சானிடம் முந்தாநாள் சொன்னேன். பட்டறையில் நின்றுகொண்டே கேட்டார். 'ஏன் மாப்ள அப்பவே சொல்லல' என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நேற்று முழுக்கப் பேச்சில்லை. இன்றைக்குக் காலையில் அவரே போன் செய்து, இ.பி. வாய்தா எந்தத் தேதி என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை. அந்த அம்மா ஒன்பதரை மணிக்கே கோர்ட்டு வாசலில் இருக்கச் சொல்லியிருக்கிறார். மச்சான் தன் வண்டியிலேயே வந்து என்னைக் கூட்டிப்போகிறேன் என்றார்.